மே மாசத்து வேனில் நடு இருக்கை

நேற்றுச் சாயங்காலம் நம் தெருவில் புளிக்காய்ச்சல் வாசம் வந்தது. நல்லெண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் வெடித்து, அதன் மேல் புளிக்கரைசல் விழுந்து, தெருவில் போகிறவன் காரணம் தெரியாமல் தும்முகிற வாசம். முதலில் உம் தம்பி வீட்டிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து உம் வீட்டிலிருந்தும் வந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "வேன் உண்டு போலுக்கே" என்றாள்.

உண்டுதான். நாளைக் காலையில் பாபநாசம். நீர் இல்லாமல் போகிற முதல் கோடை. அதனால்தான் இந்த மத்தியானத்தில், பாளையங்கோட்டை வெயில் ஒருவரையும் வாசலில் நிற்கவிடாமல் விரட்டுகிற நேரத்தில், உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது உமக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிறவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஊரைப் பற்றிப் பெருமை அதிகம். ஆனால் பெருமைப்படுகிற இடமெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும். வெளியூர்க்காரர் யாராவது வந்து உங்க ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால் குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு, உவரி, கூந்தன்குளம் என்று விரலை மடக்குவோம். அதில் ஒன்றுக்குக்கூட நாம் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். உம் வீட்டில் அப்படி இல்லை. உம் அப்பா காலத்திலிருந்தே மே மாசத்தில் ஒரு நாள் வேன் பிடித்து, அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்து போவது வழக்கம். அப்பா போன பிறகும் போனீர்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்ற பிறகும் போனீர்கள். எனக்கு உங்கள் குடும்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

பேச்சு நின்ற கதை உமக்குத் தெரியும். இருந்தாலும் எழுத வந்த பிறகு ஒருமுறை சொல்லாமல் முடியாது. உங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டித் தேர்தலில் நீர் நின்றீர். பெட்டி, சீட்டு எதுவும் கிடையாது. கை தூக்குகிற தேர்தல். எதிரே நின்றவருக்கு எத்தனை பேர் என்று எண்ணியபோது, தூக்கிய கைகளில் ஒன்று உம் தம்பி ஞானராஜுடையது. நீர் தோற்றீர். அந்த ஒரு கை இறங்கியிருந்தாலும் தோற்றிருப்பீர், வித்தியாசம் அப்படி. அன்று சாயங்காலம் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்: "எனக்குப் போடாட்டி போறான்வே. சும்மா கையக் கெட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம்லா? எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தூக்குதான்!"

தம்பியை நீர் "அவன்" என்று சொல்வது அன்றோடு நின்றது. மறுநாளிலிருந்து அவன் "அவரு" ஆகிவிட்டான். கூடப்பிறந்தவனுக்கு மரியாதை கொடுக்கிற அளவுக்கு ஒரு மனிதருக்குக் கோபம் வரும் என்பதை நான் உம்மிடம்தான் பார்த்தேன்.

அடுத்த மே மாசம் வந்தது. வேன் வேண்டாம் என்று நிறுத்தலாம். ஆனால் நிறுத்துவதென்றால் ஒருவர் மற்றவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் அதற்குத் தயாராக இல்லை. எனவே வேன் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஒரே காரணத்துக்காக வேன் வந்துகொண்டே இருந்தது.

அந்த முதல் வருஷம்தான் என்னையும் கூப்பிட்டீர். ஒரே ஆபீசில் காலமெல்லாம் கோப்பு நகர்த்தியவர்கள், ஒரே தெருக்காரன், அதனால் கூப்பிடுகிறீர் என்று நினைத்தேன். ஏறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. டிரைவருக்குப் பின்னால் மூன்று பேர் உட்காருகிற இருக்கை. ஒரு ஜன்னலில் நீர், மறு ஜன்னலில் ஞானராஜ். நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

சேரன்மகாதேவி தாண்டியிருக்க மாட்டோம், நீர் ஆரம்பித்தீர். "அவருகிட்ட சொல்லும்வே, ஜன்னல அடைக்கச் சொல்லி. புழுதி வருது."

நான் திரும்புவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "அவருகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி, எனக்குக் காத்து வேணும்னு."

"காத்து வேணும்னா மேல ஏறி உக்காரச் சொல்லும்."

"மேல பாய் கெட்டியிருக்குன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். நான் லேசாகத் தலையை அசைத்தால் சேதி போய்விட்டதாக அர்த்தம். அரசாங்கத்தில் நான் பார்த்த வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு மதினியான உம் மனைவியும் ஞானராஜ் மனைவியும் இந்தச் சண்டையில் சேரவே இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. சுவருக்கு மேலே மீன்குழம்புக் கிண்ணம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. வேனில் பின்னால் உட்கார்ந்து, ஏறியதிலிருந்து இறங்குகிறவரை பேசிக்கொண்டு வருவார்கள். முன்னால் நாம் மூன்று பேரும் ஏதோ துக்கவீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவோம். ஒருமுறை மதினி பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "தம்பி, அந்த ரெண்டு சாமிகளுக்கும் வாழைப்பழம் வேணுமான்னு கேளுங்க" என்றாள். சிரித்தது டிரைவர் மட்டும்தான்.

ஆற்றங்கரை மருதமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, இலைப் பொட்டலங்களைப் பிரித்து வைத்த பிறகு ஜெபம். அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. மூத்தவர் என்பதால் சாப்பாட்டுக்கு முன்னால் நீர் ஜெபிப்பீர். சாயங்காலம் வேன் ஏறுவதற்கு முன்னால் ஞானராஜ் ஜெபிப்பான். எல்லாரும் கண்ணை மூடுவார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு தகுதி உண்டு. வேதக்காரன் இல்லை என்பதால் நான் கண்ணை மூட வேண்டாம். ஒரு கம்பைக் கொடுத்துக் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வீர்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஒழுங்காகத்தான் தொடங்குவீர். பிறகு குரல் மாறும். "வேன் வந்து வாசலில் நின்ற பிறகும் சவரம் செய்துகொண்டிருக்கிறவர்களையும் நீர் நீடிய பொறுமையோடு தாங்குகிறீரே. ஜன்னலைத் திறந்துவைத்துச் சகலர் மேலும் புழுதியை வரப்பண்ணுகிறவர்களுக்கும் நல்ல இருதயத்தைத் தாரும்." இப்படி ஒரு வருஷத்துக் குறை முழுவதையும் ஆண்டவரிடம் ஒப்படைத்து முடிப்பதற்குள் வடைத் தட்டில் இரண்டு குறைந்திருக்கும். பாபநாசத்துக் குரங்குகளுக்கு உம் ஜெபத்தின் நீளம் அத்துப்படி. கடைசியில் எல்லாரும் ஆமென் என்பார்கள். ஞானராஜும் சொல்ல வேண்டும். தன்னைத் திட்டிய ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்கிற அவன் முகத்தைக் கண்ணைத் திறந்து வைத்திருந்த நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் அவன் முறை. "கர்த்தாவே, டிரைவரை விரட்டி விரட்டி ஓட்டச் சொன்னவர்கள் மத்தியிலும் எங்களைச் சேதமில்லாமல் காத்தீரே, ஸ்தோத்திரம். பங்குக்கு மேல் எடுத்துப் புசித்தவர்களுக்கும் நல்ல செரிமானத்தைக் கட்டளையிடும்." உம் தாடை இறுகும். ஆமென்.

ஒரு வருஷம் மலைப்பக்கம் வேண்டாம், கடலுக்குப் போவோம் என்று உவரிக்குப் போனோம். வழியில் உடன்குடியில் வேன் நின்றது. ஞானராஜ் இறங்கிப் போய்க் கருப்பட்டி வாங்கிவந்து, ஓலைப்பெட்டியை என் மடியில் வைத்தான். "அவருகிட்ட குடுங்க." நீர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "சீனி, கருப்பட்டி ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லும்வே" என்றீர். சொல்லிக்கொண்டே கை நீண்டது. திசையன்விளை வருவதற்குள் ஒரு துண்டு வாயில் இருந்தது. நான் இரண்டு பக்கமும் தலையை அசைத்துவிட்டுப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது வேடிக்கை. எனக்கும் ரொம்ப நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. போன வருஷம் பங்குனி வெயிலில் உமக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் படுக்கப்போட்டிருந்தபோது வேடிக்கை போய்விட்டது. வெளியே வராந்தாவில் ஞானராஜ் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பான். நர்ஸ் வந்தால் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவான். அறைக்குள் வரமாட்டான். மூடிய கண்ணைத் திறக்காமலே ஒரு நாள் என்னிடம் கேட்டீர்.

"வெளிய அவரு நிக்காராவே?"

"நிக்கான்."

"நான் போறதுக்குள்ள ஒரு தடவ அண்ணேன்னு கூப்பிடுவாரா?"

"நீரு முதல்ல கூப்பிடும்."

"நான் மூத்தவன்லா."

"அப்போ மூத்தவராவே இரும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றவில்லை. அந்தப் பதில் கிடைக்குமென்று தெரிந்துதான் என்னிடம் கேட்டீர். ஆனால் அன்று வராந்தாவுக்கு வந்து ஞானராஜிடம்தான் போனேன். எத்தனையோ சேதியை முகம் மாறாமல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனவன், அந்த ஒரு கேள்வியை மட்டும் கொண்டுபோக முடியாமல் நின்றேன். அது நடுவில் ஒரு ஆள் வைத்துச் சொல்கிற சேதி இல்லை.

மே மாசம் வந்ததும் மதினி, இந்த வருஷம் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படி ஏறக் கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது, டாக்டர் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சேதியோடு நான் போனேன். ஞானராஜ் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னு அவரு சொன்னாரா, மதினி சொன்னாங்களா?"

"மதினிதான்."

"அப்போ வேன் வரும்னு சொல்லுங்க அண்ணாச்சி."

வந்தது. நீர் எல்லாருக்கும் முன்னால் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தீர். நேரே அகஸ்தியர் அருவி. அடிக்கிற கோடையிலும் வற்றாத அருவி என்பதால் நமக்கு அதுதான் நம்பிக்கை. பெண்கள் அவர்கள் பக்கம் போனார்கள். கீழேயே உட்கார்ந்திருப்பதாக மதினியிடம் சத்தியம் செய்த நீர், அவள் தலை மறைந்ததும், "காலு நனச்சா போதும்வே" என்று எழுந்தீர். கம்பியைப் பிடித்துப் பைய ஏறினோம். ஞானராஜ் முன்னாலேயே போய் அருவிக்கு அடியில் நின்றுவிட்டான். நான் உமக்கு இரண்டு எட்டு முன்னால், துண்டு இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு போனேன். உம் கையைப் பிடிக்க வந்தேன்; தட்டிவிட்டீர். தட்டிவிடுவதற்காகத்தான் கம்பியை விட்டீர். தண்ணீர் வழிகிற பாறையில் ஒரு காலை வைத்த பிறகு உமக்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. எனக்கும் உமக்கும் நடுவில் குளித்துவிட்டு இறங்குகிற ஒரு கூட்டம் புகுந்துவிட்டது.

ஞானராஜ் அதைப் பார்த்துவிட்டான். உடனே, வழக்கம்போல, என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது. அருவிக்கு அடியில் நிற்கிறவன் சொல்வது யாருக்குக் கேட்கும்? "என்னது?" என்று கத்தினேன். மறுபடியும் சொன்னான். நான் காதில் கையை வைத்துக் காட்டினேன். மத்தியானம் மூடிவைத்த கவுன்டரைப் பார்ப்பதுபோல் ஒரு வினாடி என்னைப் பார்த்தான். அதன் பிறகு என்னை விட்டுவிட்டான்.

"ஏ அண்ணே! அசையாத! அங்கனயே நில்லு!"

பாபநாசம் முழுக்கக் கேட்டிருக்கும் என்று பிறகு நீரே சொன்னீர். இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பாதிப்பேர் தங்களைத்தான் சொல்கிறான் என்று நின்றுவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு இறங்கிவந்து உம் கையைப் பிடித்தான். "பைய. அது பாசி. இங்கன கால வை. ம், இங்கன." நீர் அவன் சொன்ன இடத்தில் எல்லாம் காலை வைத்தீர். கீழே அழைத்துப் போவான் என்று நினைத்தேன். மேலே அழைத்துப் போனான். ஓரமாக, தண்ணீர் மெல்லிசாக விழுகிற இடத்தில் உம்மை நிறுத்தி, முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து நீர் திரும்பி அவன் தலையைப் பார்த்தீர். நான் பக்கத்தில் வந்திருந்தேன், எனக்குக் கேட்டது.

"ஏலே, எண்ணெ வைக்காமலா வந்த?"

"மறந்துட்டேம்ணே."

"சளி பிடிக்கும்லா, மூதி."

பத்து வருஷத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்ததில் முதலில் வந்தது இவ்வளவுதான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வேலை போன மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று ஓய்வு பெற்ற அன்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று மருதமரத்தடியில் நீர் செய்த ஜெபம்: "ஆண்டவரே, ஸ்தோத்திரம். ஆமென்." அவ்வளவுதான். வழக்கமான நேரத்துக்கு வந்த குரங்குகள், நாம் பாதிச் சாப்பாட்டில் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றன.

திரும்பி வரும்போது மறுபடியும் அதே இருக்கை, அதே நடு. அம்பாசமுத்திரம் தாண்டி நீர் என் பக்கம் திரும்பி, "அவன்ட்ட சொல்லும்வே" என்று ஆரம்பித்தீர். பிறகு உமக்கே ஞாபகம் வந்தது. "ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர். அவன் என்று சொல்லிவிட்டீர்; எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஞானராஜ் தினமும் சாயங்காலம் உம் வீட்டுக்கு வந்தான். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. நீர் ஒரு நாற்காலியில், அவன் ஒரு நாற்காலியில். டிவியில் யாரோ ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். பேசலாம் என்று ஆன பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் உள்ளே நுழைந்தால் இரண்டு முகமும் வெளிச்சமாகும். "வாரும்வே. இவன்ட்ட கேளும், கரண்ட் பில் கெட்டிட்டானான்னு." அவன் எதிரே உட்கார்ந்திருப்பான். நான் கேட்பேன். கட்டிவிட்டதாகச் சொல்வான். ஐப்பசி மழை பிடிக்கும்வரை இப்படியே போயிற்று. பிறகு நீரும் போய்விட்டீர். ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்த ஒரு வாரம். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் வந்த தண்ணீரை ஞானராஜ் தன் கையாலேயே வாளியில் இறைத்துக் கொட்டினான். வேலையாட்கள் இருந்தார்கள். அவர்களிடம் வாளியைக் கொடுக்கவில்லை.

போன வாரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். வேனுக்குச் சொல்லலாமா, வேண்டாமா என்று கேட்க வந்ததாகச் சொன்னான். மதினிக்குச் சம்மதமா என்றேன். மதினிதான் அனுப்பிவைத்தாள் என்றான். அப்புறமும் எழுந்து போகவில்லை. நானாகத்தான் கேட்டேன். நான் இல்லாத நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு நாளாவது பேசினீர்களா?

"ஒரு நாளு பேசுனோம் அண்ணாச்சி. கடைசி வாரம். மதினி கடைக்குப் போயிருந்தாங்க. திடீர்னு கேக்காரு, 'ஏம்ல அன்னைக்கு எனக்கு எதிரா கையத் தூக்குன?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"'நீ கமிட்டிக்குப் போயிட்டா லீவு நாளெல்லாம் மீட்டிங்னு கெடப்ப, எங்ககூட ஒரு இடத்துக்கும் வரமாட்ட. அதான் தூக்குனேன்'னு சொன்னேன்."

அந்தத் தேர்தல் சமயத்தில் எதிரே நின்றவருடைய ஆட்களோடு ஞானராஜ் எப்படிச் சுற்றிக்கொண்டிருந்தான், அவர்கள் அவனுக்கு என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

"நெசமாவா?"

"அன்னைக்கு நெசம் இல்ல அண்ணாச்சி. சொல்லும்போது நெசமாத்தான் இருந்துச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"'புளுகாதல'ன்னாரு. சிரிச்சாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு, எனக்குப் பயமாயிட்டு. மதினி வந்து என்னன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணுமில்லன்னுட்டோம்."

உமக்குத் தெரிந்ததைத்தான் உமக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் அதைச் சொல்லாமலே போய்விட்டீர். முதலில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனையோ பேச்சை நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த உடனே அது என்னைவிட்டுப் போய்விடும். புழுதியும் காற்றும் ஜன்னலும் எதுவும் என்னிடம் தங்கியதில்லை. இது என் வழியாகப் போகாத பேச்சு. யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. அதனால் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.